முத்துக் கணக்கும் தாய்மார் கணக்கும்

தூத்துக்குடியிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் சென்றால், வெள்ளப்பட்டியைக் கடந்ததும் தருவைகுளம் என்னும் ஊரை அடையலாம். தருவை என்பது நெல்லைச் சீமையில் ஆழமில்லாத, பரந்த நீர்நிலைக்கு வழங்கும் பெயர். ஊருக்குக் கிழக்கே மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது. அக்கம்பக்கத்தில் உப்பளங்கள் வெள்ளை விரித்தாற்போல் தோன்றுகின்றன. ஊர் மக்களுள் பெரும்பாலோர் கடலை நம்பி வாழ்பவர்கள். கொற்கை முத்து என்று பழந்தமிழரும் யவனரும் போற்றிய முத்து, இந்தக் கடலின் அடியில்தான் விளைந்தது.

முத்துக் குளிப்பது எவ்வாறு நடைபெற்றது என்பதை நாம் முதலில் நினைவுகூர்தல் வேண்டும். குளிப்பவன் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். அவனோடு ஒரு கயிறும் இறங்கும். கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில் இருக்கும். மூச்சு அடங்கும் தருணத்தில் கீழே உள்ளவன் கயிற்றை அசைப்பான். மேலே உள்ளவன் உடனே இழுத்துவிடுவான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இக்கடற்கரையில் சொல்வது வழக்கம். தன் தமக்கையின் தாலியைக் காப்பதில் தம்பியைவிடக் கருத்துள்ளவன் வேறு யார்? கயிறு பிடிப்பவன் ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் போதும். எத்துணைத் திறமையுள்ளவனாயினும் குளிப்பவன் மீளமாட்டான்.

இனி, முத்துக்குளிப்பில் அரசாங்கம் வகித்த பங்கைப் பார்ப்போம். ஆங்கிலேயர் காலத்தில் முத்துக்குளிப்பு அரசின் உரிமையாக இருந்தது. சிப்பிகள் வாழும் கடலடிப் பாறை நிலங்களுக்குப் ‘பார்’ என்று பெயர். பருவம் தொடங்குவதற்கு முன்னரே அதிகாரிகள் பார்களை ஆராய்வார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பிப்பார்கள். அவற்றில் கிடைத்த முத்துக்களை எடைபோட்டு விலை மதிப்பார்கள். அதன் பின்னரே குளிப்புக்கு அனுமதி தருவார்கள். குளிப்பு நடக்கும் நாள்களில் கரைக்கு வந்த சிப்பிகளை எண்ணி, குளித்தோர் பங்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் கூறுவார்கள். சென்னை அரசாங்கத்தின் முத்து, சங்கு குளிப்புத் துறைக்குக் கண்காணிப்பாளராக விளங்கிய ஜேம்ஸ் ஹார்னல் போன்ற அறிஞர்கள் எழுதிய அறிக்கைகளைப் படித்தால், கடலடியில் கிடந்த சிப்பிக்கு எத்துணை நுட்பமான கணக்கு இருந்தது என்பது புலனாகும். 1961 ஆம் ஆண்டில் நடந்த குளிப்போடு தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. ஆனால், அந்தக் கணக்குகள் இன்றும் ஏடுகளில் இருக்கின்றன.

கடலடிச் சிப்பியை எண்ணிய அந்த அரசாங்கம், கரையிலே பிள்ளைப்பேற்றில் மாண்ட தாய்மாரை எண்ணியதா? இதுவே இன்று நாம் ஆராய வேண்டிய கேள்வி.

பிறப்பு இறப்பைப் பதிவுசெய்யச் சென்னை மாகாணத்தில் 1899 ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது உண்மைதான். கிராமத்தில் பதிவேட்டை எழுதியவர் கிராம அதிகாரி. அவர் மருத்துவம் கற்றவர் அல்லர். உறவினர் சொல்வதைக் கேட்டு எழுதுவார். காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, ஏனைய காரணங்கள் எனச் சில தலைப்புகளே அக்காலப் பதிவுகளில் இருந்தன. பிள்ளை பெற்ற ஆறாம் நாள் சுரம் கண்டு இறந்த ஒரு பெண், அந்த ஏட்டில் ‘காய்ச்சலால் இறந்தவள்’ ஆனாள். இரத்தம் பெருகி இறந்தவள் ‘ஏனைய காரணங்கள்’ என்னும் கூட்டத்தில் மறைந்தாள். அவள் தாயாக இறந்தாள் என்பதை ஏடு அறியவில்லை. ஏடு அறியாததை அரசும் அறியவில்லை.

எண்ணுவதனால் என்ன பயன் என்று மாணவர்கள் கேட்கலாம். இதற்கு விடை சொல்ல, ஐரோப்பாவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி போதும். வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயின்றனர். 1846 ஆம் ஆண்டில் முதல் பகுதியில் நூற்றுக்குப் பதினொருவர் இறந்தனர். இரண்டாம் பகுதியில் நூற்றுக்கு மூவர்கூட இறக்கவில்லை. இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிண அறுவைக் கூடத்திலிருந்து நேரே வரும் கைகளே நஞ்சைக் கொண்டுவருகின்றன என்று உணர்ந்தார். 1847 இல் குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். அடுத்த ஆண்டில் முதல் பகுதியின் இறப்பு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கியது. நோய்க்கிருமியைப் பற்றி உலகம் அறியாத காலம் அது. கிருமியைக் காட்டுவதற்கு முன்னரே கணக்கு வழியைக் காட்டியது.

நம் நாட்டிலும் நல்ல மருத்துவமனைகள் எழுந்தன. சென்னையில் 1844 இல் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பட்டது. இன்று எழும்பூரில் உள்ள தாய் சேய் நல மருத்துவமனையின் தொடக்கம் அதுவே. ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய பெண்களுக்காக, மேரி ஷார்லிப் என்னும் அம்மையாரின் முயற்சியால் 1885 இல் தனி மருத்துவமனை ஒன்று தோன்றியது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1912 இல் மருத்துவப் பட்டம் பெற்று, பின்னர்ச் சட்டமன்றத்திலும் அமர்ந்து பெண்களின் நலத்துக்காக வாதாடினார். இவையெல்லாம் பெருமைக்குரிய செயல்களே. எனினும், மருத்துவமனை தன் வாயிலுக்கு வந்தவளை மட்டுமே அறியும். தருவைகுளம் போன்ற ஊரில், இரவு வேளையில், வண்டியும் வழியும் இன்றித் துன்புற்றவளை அது அறியாது.

இந்தக் குறையை உணர்ந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1926 இல் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவுசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது. மகப்பேற்று மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், சென்னை நகரில் தாய்மார் ஏன் இறக்கின்றனர் என்று 1930களில் தனியே ஆராய்ந்தார். 1939 இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், தாய் சேய் நலத்தை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது. 1946 இல் போர் குழு தன் அறிக்கையை வெளியிட்டது. சர் ஜோசப் போர் என்பவர் தலைமை தாங்கியதால் அதற்கு இப்பெயர். ஆயிரம் பிறப்புக்கு இருபது தாய்மார் இறக்கின்றனர் என்றும், பிரிவுபடாத இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் தாய்மார் மாள்கின்றனர் என்றும் அக்குழு மதிப்பிட்டது. கவனியுங்கள், இது எண்ணிக்கை அன்று, மதிப்பீடுதான். நாடு விடுதலை பெறும் தறுவாயிலும் இறந்த தாய்மாரின் பெயர்ப்பட்டியல் நம்மிடம் இல்லை.

மன்னார் வளைகுடாவின் அக்கரையைச் சற்று நோக்குவோம். முத்துக்குளிப்புக் காலங்களில் இக்கரையிலிருந்து அக்கரைக்குத் தோணிகள் சென்று வந்தன. இரு கரைக்கும் கடலும் தொழிலும் பொதுவாக இருந்தன. இலங்கை அப்போது செல்வம் மிக்க நாடு அன்று. அங்கும் 1930களில் ஆயிரம் பிறப்புக்கு இருபதுக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த ஆண்டுகள் உண்டு. 1926 இல் களுத்துறையில் அந்நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. இம்முறை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. இதில் முதன்மையானவள், பயிற்சி பெற்ற குடும்பநல மருத்துவச்சி. அவள் தன் எல்லைக்குட்பட்ட ஊர்களில் வீடு வீடாகச் சென்று கருவுற்றவர்களின் பெயரை எழுதினாள்; பேறு முடிந்த பின்னும் சென்று பார்த்தாள். மலேரியா ஒழிப்பும், இலவச மருத்துவமும், பெண் கல்வியும் இம்முயற்சிக்குத் துணை நின்றன. 1950 ஆம் ஆண்டளவில் தாய் இறப்பு ஆயிரத்துக்குச் சுமார் ஆறாகக் குறைந்தது. நாடு செல்வம் பெறும்வரை தாய்மார் காத்திருக்க வேண்டியதில்லை என்பதை அச்சிறு தீவு உலகுக்கு உணர்த்தியது.

தொடர்ச்சியான தாய்மைப் பராமரிப்பு என்று இதனையே கூறுகிறோம். அதன் பொருளை விளங்கிக்கொள்ளத் தருவைகுளத்துக்கு மணமுடித்து வந்த ஒரு பெண்ணைக் கற்பனையில் கொள்வோம். அவள் பிறந்த ஊர் வேம்பார் என்று வைத்துக்கொள்வோம். அவள் கருவுற்றுப் பன்னிரண்டு வாரங்களுக்குள் தன் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். அவளுடைய இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும். இரத்தத்தில் இரும்புச்சத்து போதுமா என்று பார்க்க வேண்டும். சிறுநீரைச் சோதிக்க வேண்டும். தடுப்பூசி போட வேண்டும். இவை ஒருமுறை செய்து விட்டுவிடுபவை அல்ல. மாதங்கள் செல்லச் செல்ல மீண்டும் மீண்டும் செய்யப்பட வேண்டியவை. பேறுகாலத்தில் தேர்ந்த கைகளும், இரத்தப்பெருக்கை நிறுத்தும் மருந்தும், வேண்டுமாயின் அறுவை சிகிச்சையும் கிடைக்க வேண்டும். பேற்றுக்குப் பின்னர் நாற்பத்திரண்டு நாள்வரை, 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாள்களில், தாயையும் சேயையும் பார்த்துவர வேண்டும்.

ஆனால், நம் வழக்கப்படி அவள் தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வாள். ஏழு மாதம் அவளைக் கவனித்த செவிலியர் தருவைகுளத்தில் இருப்பார். பேறு பார்ப்பவரோ வேறிடத்தில் இருப்பார். சில மாதங்கள் கழித்துக் குழந்தையோடு அவள் திரும்பி வருவாள். தருவைகுளத்து ஏட்டில் அவள் பாதியில் நிற்பாள். மற்ற ஊரின் ஏட்டில் பாதியில் தோன்றுவாள். ஏழாம் மாதம் ஏறிய இரத்த அழுத்தம் புதிய ஊரில் யாருக்கும் தெரியாமற் போகலாம். கயிறு ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும் இடமே ஆபத்தான இடம். அன்பினால் எழுந்த நல்ல வழக்கத்தை நாம் குறைகூற வேண்டியதில்லை. அவ்வழக்கத்தை அறிந்து, கணக்கும் அவளோடு கூடவே செல்லுமாறு செய்வதே அறிவுடைமை.

தமிழ்நாடு இவ்வழியில் படிப்படியாக முன்னேறிய வரலாறு மாணவர்கள் அறிய வேண்டியது. ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்னும் முறை ஏற்பட்டது. 1987 இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் மகப்பேறு உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. உதவித்தொகை 2006 இல் 6,000 ரூபாயாகவும், 2011 இல் 12,000 ரூபாயாகவும், 2018 இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அத்தொகை உயர்ந்ததைவிட, அதனை வழங்கும் முறை மாறியது குறிப்பிடத்தக்கது. கருவுற்றதைப் பதிவுசெய்தல், பேறு, குழந்தைக்குத் தடுப்பூசி என ஒவ்வொரு படியோடும் தவணைகள் இணைக்கப்பட்டன. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர் முறைவைத்து இரவும் பகலும் பேறு பார்த்தனர். அறுவை சிகிச்சையும் இரத்தமும் எந்நேரமும் கிடைக்கும் ‘சீமாங்’ மையங்கள் பெரிய மருத்துவமனைகளில் தோன்றின. 2000 ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. 2008 இல் 108 ஊர்தி ஓடத் தொடங்கியது. கருவுற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அவள் எந்த ஊருக்குச் சென்றாலும் அவள் கணக்கைப் பின்தொடரும் ‘பிக்மி’ என்னும் கணினிப் பதிவு முறையும் வந்தது. வேம்பாருக்குச் செல்லும் நம் தருவைகுளத்துப் பெண்ணோடு இப்போது அவளுடைய கணக்கும் பயணம் செய்யக்கூடும்.

இவற்றுள் எல்லாம் மிகுந்த மனத்திண்மை வேண்டிய செயல் மற்றொன்று. 1994 முதல் தமிழகத்தில் தாய் இறப்பு ஒவ்வொன்றையும் அறிவிக்கச் செய்து ஆராயும் முறை தொடங்கியது. 2004 இல் அரசாணைகள் வழியே அது வலுப்பெற்றது. மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் மருத்துவர்களும் செவிலியரும் கூடுவர். இறந்தவளின் உறவினரும் அழைக்கப்பட்டு, நடந்ததைத் தம் வாயால் கூறுவர். எப்போது வலி கண்டது, எப்போது வண்டி வந்தது, எந்த மருத்துவமனை எங்கே அனுப்பியது, இரத்தம் எப்போது கிடைத்தது என நாழிகை நாழிகையாகக் கயிறு அறுந்த இடம் தேடப்படும். யாரைத் தண்டிப்பது என்பது அங்கே கேள்வியன்று. அடுத்தவளை எவ்வாறு காப்பது என்பதே கேள்வி. தொடக்கத்தில் இதனால் எண்ணிக்கை கூடியதாகத் தோன்றும். மறைந்திருந்த இறப்புகள் வெளிப்படுவதே அதற்குக் காரணம். அதைக் கண்டு அஞ்சுகிற அரசு ஏட்டை மூடிவிடும். அஞ்சாத அரசே தாய்மாரைக் காக்கும்.

பயனை எண்களே சொல்லட்டும். உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கின்றனர் என்று இன்று கணக்கிடுகிறோம். போர் குழு சொன்ன அளவு இக்கணக்கில் 2,000 ஆகும். 2001–03 ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் அது 301, தமிழ்நாட்டில் 134. 2018–20 ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. அதே ஆண்டுகளில் கேரளத்தில் 19 மட்டுமே, அசாமிலோ 195. ஒரே நாட்டுக்குள் பத்து மடங்கு வேற்றுமை! பிறக்கும் இடத்தைக் கொண்டு ஒரு தாயின் ஆயுள் அமைதல் தகுமா? கேரளத்தின் 19 ஐக் காணும்போது, நம் 54 இலும் காத்திருக்கக்கூடிய உயிர்கள் பல இருந்தன என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி ஓர் எச்சரிக்கை. எண்ணினால் மட்டும் போதாது. எதை எண்ணுகிறோம் என்பது அதனினும் முக்கியம். பராமரிப்பில் பத்துப் படிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு படியிலும் நூறு தாய்மாருள் 95 பேர் கவனிக்கப்பட்டனர் என்று ஓர் அறிக்கை சொல்கிறது. கேட்பதற்கு எவ்வளவு இனிமை! ஆனால், ஒவ்வொரு படியிலும் விடுபட்ட ஐவரும் வெவ்வேறு பெண்களாயின், மொத்தம் ஐம்பது பேர் ஏதேனும் ஒரு படியில் கைவிடப்பட்டவர்கள் ஆகின்றனர். பத்துப் படிகளையும் முழுமையாகப் பெற்றவர்கள் ஐம்பதே பேர்! படிகளைத் தனித்தனியே எண்ணினால் 95. தாயைத் தொடர்ந்து எண்ணினால் 50. இரண்டும் ஒரே ஊரின் கணக்குத்தான். எனவே, எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தனர் என்று கேட்பதோடு நில்லாமல், ஒரே தாய் முதற்படி தொடங்கி இறுதிப்படி வரை வந்தாளா என்று கேட்பதே சரியான அளவுகோல்.

வந்தாளா என்பதோடு, வந்தவளுக்கு என்ன செய்தோம் என்பதும் உண்டு. 2019–21 இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 க்கு மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. நூற்றுக்குச் சுமார் 90 தாய்மார் நான்கு முறையோ அதற்கு மேலோ பேறுகாலப் பரிசோதனை பெற்றனர். அதே ஆய்வு, கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு 48 பேருக்கு இரத்தசோகை இருந்தது என்றும் கூறுகிறது. நான்கு முறை வந்தவள் சோகையோடு திரும்பினாள் என்றால், வருகையை எண்ணிய ஏடு நிறைந்தது; அவள் உடல் நிறையவில்லை. இரத்தம் குறைந்தவளுக்குப் பேறுகால இரத்தப்பெருக்கு எத்துணைக் கொடியது என்று சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை கொடுத்ததை எண்ணுவதோடு, அவள் அதை உண்டாளா, அவள் வீட்டில் உணவு இருந்ததா என்றும் கேட்கும் செவிலியரே உண்மையான கணக்கர்.

உலகத்தின் பெருங்கணக்கும் இதையே உணர்த்துகிறது. உலக சுகாதார நிறுவனமும் பிற ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2023 ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 2,60,000 தாய்மார் இறந்தனர். அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வருவாய் குறைந்த நாடுகளையும் நடுத்தரத்துக்குக் கீழான வருவாயுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். 2030 ஆம் ஆண்டுக்குள் உலகின் தாய் இறப்பு லட்சத்துக்கு 70 க்கும் கீழே இறங்க வேண்டும் என்று நாடுகள் குறிக்கோள் வகுத்துள்ளன. பேறுகாலத்தில் நான்கு முறை பரிசோதனை போதும் என்றிருந்த உலக சுகாதார நிறுவனம், 2016 இல் எட்டுமுறை வேண்டும் என்று அறிவுரையை மாற்றியது. ஆனால், பல நாடுகளில் தாய் இறப்பு இன்றும் மதிப்பீடாகவே இருக்கிறது. பெயரும் ஊரும் உள்ள பட்டியலாக மாறவில்லை. நாம் 1946 இல் நின்ற இடத்தில் இன்றும் நிற்கும் மக்கள் உலகில் உளர்.

மாணவ நண்பர்களே, வரலாறு என்றால் அரசர்களின் போர்களும் ஆண்டுகளும் மட்டுமே என்று எண்ணாதீர்கள். ஒரு சமுதாயம் எதை எண்ணியது, எதை எண்ணாமல் விட்டது என்பதும் வரலாறே. ஒரு காலத்தில் இக்கடற்கரையில் முத்துச்சிப்பிக்குக் கணக்கு இருந்தது. முத்தெடுத்தவனின் மனைவிக்குக் கணக்கு இல்லை. இன்று அவளுக்கு ஓர் எண் உண்டு. ஓர் அட்டை உண்டு. அவளைத் தேடி வீட்டு வாயிலுக்கு வரும் ஒரு செவிலியர் உண்டு. இந்த மாற்றத்துக்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. உங்களுள் சிலர் நாளை மருத்துவராகலாம், சிலர் செவிலியராகலாம், சிலர் அலுவலகங்களில் அமர்ந்து கணக்கை எழுதுபவர் ஆகலாம். உங்கள் கையில் வரும் ஏட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு கயிறு என்பதை மறவாதீர்கள். அதன் மறுமுனையில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தாய் இருக்கிறாள்.